தூரம் காட்டும் பைனாகுலரா, தனித்தனிக் கருவிகளா? நெல்லைப் பக்கம் கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு

மார்கழி பாதி தாண்டினால் போதும், தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பைப் பற்றிய பேச்சு கிளம்பிவிடும். 2011இல் தொடங்கிய வேலை இது. கூடவே ஒரு கேள்வியும் வரும். "அண்ணாச்சி, மச்சான் வெளிநாட்டுல இருந்து வாரான். தூரமும் சேர்த்துக் காட்டுற பைனாகுலர் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா? இல்ல, ரெண்டையும் தனித்தனியா வாங்கிரவா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனித்தனியாக வாங்குங்கள். அதிலும் பைனாகுலரை முதலில் வாங்குங்கள், லேசரால் தூரத்தை மட்டும் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் மெதுவாக வரட்டும். இதற்கு விதிவிலக்காக ஒரு ஆள் இருக்கிறார். மலையில் வரையாடு பார்க்கிறவர். அவரிடம் பிறகு வருவோம்.

இந்தச் சேர்ந்த கருவி யாருக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பைனாகுலருக்குள் லேசர் தூரமானியை வைத்து முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜெர்மனியின் லைகா நிறுவனம். 1992இல் வந்த அந்த மாடலின் பெயர் ஜியோவிட். பின்னால் ஸ்வரோவ்ஸ்கி, ஸைஸ், வோர்டெக்ஸ், நிக்கான், சிக் சாவர் என்று வரிசையாக வந்தன. எல்லாம் வேட்டைக்காரர்களை மனதில் வைத்துச் செய்தவை. அமெரிக்காவின் மேற்கு மலைகளிலும் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் சரிவுகளிலும் உரிமம் வாங்கி வேட்டையாடுகிறவருக்கு 400 மீட்டரில் ஒரு மான் நின்றால், அது 350ஆ 400ஆ என்பது பெரிய விஷயம். அந்தத் தூரத்தில் துப்பாக்கிக் குண்டு அடிக்கணக்கில் கீழே இறங்கியிருக்கும். கணிப்பு தவறினால் மான் காயத்தோடு ஓடும். பைனாகுலரை இறக்கி, பையில் கைவிட்டு, இன்னொரு கருவியை எடுத்துக் கண்ணில் வைப்பதற்குள் மானும் அசைவைப் பார்த்துவிடும். ஒரே கருவி, ஒரே பார்வை, ஒரு பொத்தான் என்பது அவருக்கு உண்மையான வசதி.

நம்மூர்க் கதை வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது, 1991இல் வந்த திருத்தத்தோடு உரிமம் வாங்கி வேட்டையாடுவதும் இங்கே முடிந்தது. மனித உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து என்றால்கூட முதன்மை வனவிலங்குக் காப்பாளரோ அதற்கு அதிகாரம் பெற்ற அதிகாரியோ எழுத்தில் அனுமதி கொடுத்தால்தான் உண்டு. ஆகவே இங்கே இந்தக் கருவி கையில் இருப்பவர் ஒன்று பறவை பார்க்கிறவர், இல்லையென்றால் விலங்குக் கணக்கெடுப்புக்குப் போகிற மாணவர், தன்னார்வலர், வனத்துறை ஊழியர். இவர்களில் யாருக்கும் குண்டு எவ்வளவு இறங்கும் என்ற கணக்கு தேவையில்லை. ஆனால் விலை உயர்ந்த சேர்ந்த கருவியில் நீங்கள் காசு கொடுப்பதில் ஒரு நல்ல பங்கு அதற்குத்தான் போகிறது: குண்டின் பாதையைக் கணக்கிடும் மென்பொருள், காற்றுத் திருத்தம், போனோடு ப்ளூடூத் இணைப்பு, துப்பாக்கி வகையைப் பதியும் ஆப். கூந்தன்குளத்துக் கரையில் நின்று கூழைக்கடாவை எண்ணுகிறவருக்கு இதெல்லாம் எதற்கு?

அடுத்த கேள்வி, நமக்குத் தூரம் எதற்கு வேண்டும் என்பது. இதை யாரும் கேட்டுக்கொள்வதில்லை, நேராக விலைப்பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள்.

குளத்துக் கணக்கெடுப்புக்குத் தூரம் பெரும்பாலும் வேண்டியதில்லை. விஜயநாராயணம் பெரிய குளமோ, டவுன் பக்கத்து நயினார்குளமோ, வேலை ஒன்றுதான். குளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை ஊசிவால் வாத்து, எத்தனை அரிவாள் மூக்கன் என்று எண்ணி எழுத வேண்டும். வாத்து 280 மீட்டரில் இருந்ததா 310இல் இருந்ததா என்ற கட்டமே தாளில் இருக்காது. அங்கே உயிர்நாடி அடையாளம் காண்பது. தொலைவில் மிதக்கும் கூட்டத்தில் வரித்தலை வாத்து எது, நாட்டுப் புள்ளிமூக்கு வாத்து எது என்று பிரித்துச் சொல்ல நல்ல கண்ணாடி வேண்டும். முடிந்தால் முக்காலியில் நிற்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற ஒற்றைக்குழாய்த் தொலைநோக்கி. லேசர் ஒரு இறகைக்கூடத் தெளிவாக்காது. திருப்புடைமருதூரில் இன்னும் எளிது. 2005இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரில் நாரைகள் நம் தலைக்கு மேலே, கோயிலை ஒட்டிய மருத மரங்களில் கூடு கட்டுகின்றன. அங்கே வேண்டியது கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் பைனாகுலரும் எச்சம் விழாமல் காக்க ஒரு தொப்பியும்தான்.

தூரம் உண்மையில் வேண்டியிருப்பது கோட்டுவழிக் கணக்கெடுப்பில். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்திலோ கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயத்திலோ ஒரு நேர்கோடு போட்டு, விடியற்காலையில் அதன்மேல் மெதுவாக நடப்பார்கள். மான் கூட்டம் கண்ணில் பட்டால் மூன்று விஷயம் எழுத வேண்டும்: எத்தனை, எவ்வளவு தூரம், கோட்டிலிருந்து எந்தக் கோணம். தூரமும் கோணமும் கிடைத்தால் கோட்டிலிருந்து மான் நின்ற இடத்துக்குச் செங்குத்துத் தூரம் வந்துவிடும். 60 மீட்டர் தூரம், 30 டிகிரி கோணம் என்றால் செங்குத்துத் தூரம் 30 மீட்டர். பள்ளிக்கூட சைன் கணக்குதான். தூரம் கூடக் கூட எத்தனை மான்கள் கண்ணுக்குத் தப்புகின்றன என்று இந்தத் தூரங்களை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அதிலிருந்துதான் சதுர கிலோமீட்டருக்கு இத்தனை மான் என்ற எண் பிறக்கிறது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் இரை விலங்குகளுக்கு இந்த முறை உண்டு.

இங்கே கண்ணளவு எடுபடாது. 40 மீட்டரை எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 30 என்று எழுதினால், நாம் பார்த்ததாகக் கணக்கில் வரும் பட்டை கால்பங்கு சுருங்கும். மான் அடர்த்தி மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இல்லாத மான் தாளில் மேயும். அது போக, மனிதக் கண்ணுக்கு 50, 100 என்ற முழு எண்கள் மேல் ஒரு ஆசை. தாளைப் புரட்டினால் 47, 53 எங்கும் இருக்காது, எல்லாம் 50ஆகவே இருக்கும். திறந்த வெளியும் தண்ணீரும் தூரத்தைக் குறைத்துக் காட்டும். புதர் அடர்ந்த இடம் கூட்டிக் காட்டும். லேசர் தேவை என்றால் இதற்குத் தேவை.

ஆனால் லேசர் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் வாங்கினால், கருவி நம்மை ஏமாற்றும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பி, அது பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்கிறது. 150 மீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்ப ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. திரும்பி வரும் ஒளிதான் எல்லாம். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் தூரம் பளபளப்பான பலகைக்கானது. அதே பெட்டியில் சின்ன எழுத்தில் மரத்துக்கு எவ்வளவு, மானுக்கு எவ்வளவு என்று இருக்கும். மானுக்கான எண் பெரிய எழுத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம். மானின் ரோமம் ஒளியைக் குடித்துவிடுகிறது.

இதைப் பார்க்க ராதாபுரம், பணகுடிப் பக்கம் போனால் போதும். சாலையோரம் நின்று, தொலைவில் சுற்றும் காற்றாலையின் வெள்ளைத் தூணைக் குறிவைத்துப் பொத்தானை அழுத்துங்கள். சாதாரண கையடக்க ரேஞ்ச்ஃபைண்டரே எண்ணைச் சட்டென்று காட்டும், நமக்கும் பெருமையாக இருக்கும். அப்புறம் அதே கருவியைத் தூணில் பாதித் தூரத்தில் மேயும் எருமை மாட்டின்மேல் வையுங்கள். எண் வரும், போகும், சில நேரம் வெறும் கோடு மட்டும் வரும். உச்சி வெயிலில் செம்மண் தரை அனலாடும்போது இன்னும் மோசம். கருவி கெட்டுப்போனது என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். எருமைக்கும் இரும்புத் தூணுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

தண்ணீர் இன்னொரு வகை. சாய்வாகப் போகும் ஒளியைக் குளத்து நீர் முன்பக்கமாகவே தள்ளிவிடும், திருப்பி அனுப்பாது. மிதக்கும் வாத்தைக் குறிவைத்தால் ஒன்று வாத்தின் தூரம் வரும், இல்லை அக்கரையின் தூரம் வரும், இல்லை ஒன்றுமே வராது. லேசர் கற்றையும் ஊசிமுனை இல்லை. 2 மில்லிரேடியன் விரிவுள்ள கற்றை 300 மீட்டரில் 60 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரந்திருக்கும்; வாத்தின் உடம்பு அதில் ஒரு பகுதியைத்தான் மறைக்கும். பழகினவர்கள் பறவையை அளப்பதில்லை. அதன் பக்கத்தில் நிற்கும் கருவேல மரத்தையோ மடைக் கல்லையோ அளப்பார்கள். கூந்தன்குளத்தில் குளத்துக்குள்ளேயே கருவேல மரங்கள் நிற்பதால் இது சுலபம். கோட்டுவழிக் கணக்கெடுப்பிலும் இதே வழிதான். மான் ஓடிவிட்டால் ஓடிய இடத்தை அளக்கக் கூடாது. முதலில் பார்த்தபோது எந்த மரத்தடியில் நின்றதோ அந்த மரத்தை அளக்க வேண்டும்.

சேர்ந்த கருவியின் முதல் பெரிய வாதம் இங்கே ஆட்டம் காண்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அளக்கப்போவது மரத்தை என்றால், மரம் எங்கேயும் ஓடாது. பைனாகுலரை நெஞ்சில் தொங்கவிட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்து நிதானமாக அளக்கலாம். வேட்டைக்காரருக்கு இருக்கும் அவசரம் நமக்கு இல்லை.

இரண்டாவது வாதமும் நம் பக்கம் செல்லாது. அங்கே வேட்டைக்காரர் பல நேரம் ஒற்றை ஆள். இங்கே கணக்கெடுப்புக்கு யாரும் தனியாகப் போவதில்லை. காட்டுக்குள் என்றால் வேட்டைத் தடுப்புக் காவலர் முன்னால் நடப்பார், பின்னால் ஒருவர் பார்ப்பார், ஒருவர் எழுதுவார். பார்க்கிறவர் கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமலே "அந்த வேங்கை மரத்துக்கு இடது பக்கம், மூணு மிளா" என்றால், அடுத்தவர் அளந்துவிடுவார். இரண்டு கருவி இரண்டு கைகளில் இருப்பதுதான் வேகம். ஒரே கருவியில் எல்லாம் இருந்தால், அளக்கும் பொறுப்பும் பார்க்கும் பொறுப்பும் ஒரே ஆளின் தலையில் விழும். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

இனி கண்ணாடி. சேர்ந்த கருவிகளில் பெரும்பாலானவை 10×42, அதாவது 10 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். திறந்த மலைச்சரிவுக்கு 10 மடங்கு நல்லது. காட்டுக்குள்ளும் குளத்தங்கரையிலும் கைநடுக்கம் அதிகம் தெரியும், பார்வைப் பரப்பும் சுருங்கும். 8×42இல் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மில்லிமீட்டர், 10×42இல் 4.2. மாஞ்சோலைப் பாதையில் விடிகாலை மூட்டத்தில் இந்த வித்தியாசம் சும்மா இல்லை. தூரமானி சேரும்போது ஒளிப்பாதையில் இன்னொரு பூச்சும் எண்களைக் காட்டும் பகுதியும் நுழைகின்றன. விலை உயர்ந்தவற்றில் இதன் பாதிப்பு அநேகமாகத் தெரியாது. நடுத்தர விலையில் ஒரு பக்கக் குழாயில் லேசான நிறச்சாயல் தெரியும். அந்த விலைக்கு வாங்கும் தனி பைனாகுலர் இதைவிடத் தெளிவாகவே இருக்கும். இது என் கண்ணின் தீர்ப்பு. உங்கள் கண்ணுக்குப் பொருட்டாகப் படாமல் போகலாம்.

கையடக்க ரேஞ்ச்ஃபைண்டரிலும் கண்ணாடி வஞ்சனை உண்டு. வழக்கமாக 6×21 என்ற அளவில் வரும். அதை வைத்துப் பறவை அடையாளம் காண நினைக்காதீர்கள். எண்கள் கறுப்பாகத் தெரியும் வகை பகலில் நன்றாக இருக்கும். மரநிழலில், சாயங்காலத்தில், கறுப்பு எண் கறுப்புப் பின்னணியில் காணாமல் போகும். சிவப்பாக ஒளிரும் எண் உள்ள வகையைத் தேடி வாங்குங்கள், கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் சரி.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ரேஞ்ச்ஃபைண்டர்களில் பல கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கானவை. கோல்ஃப் மைதானத்தில் முன்னால் நிற்கும் கொடிக்கம்பம் வேண்டும், பின்னால் உள்ள மரம் வேண்டாம். ஆகவே கற்றையில் படுகிற பொருள்களில் கிட்டத்தில் இருப்பதன் தூரத்தை அவை காட்டும். கங்கைகொண்டான் உடைமரக் காட்டில் இதை வைத்து அளந்தால், மானுக்குப் பதில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முள்கிளையின் தூரம் வரும். வேட்டைக்கும் வனவியலுக்கும் செய்த கருவிகளில் தூரத்தில் இருப்பதற்கு முன்னுரிமை தரும் வகை இருக்கும், அல்லது இரண்டுக்கும் மாற்றிக்கொள்ள வசதி இருக்கும். வாங்கும்முன் இந்த ஒன்றை மட்டுமாவது பாருங்கள். சேர்ந்த பைனாகுலர்கள் இந்த விஷயத்தில் பொதுவாக நம் பக்கம்தான், வேட்டைக்காரருக்கும் புதர்தான் எதிரி என்பதால்.

சரிவில் நின்று அளக்கும்போது இன்னொரு சிக்கல். 30 டிகிரி சரிவில் கருவி காட்டும் 100 மீட்டர் நேர்ப்பார்வைத் தூரம், தரைமட்டத்தில் 87 மீட்டர்தான். பல கருவிகள் இந்தத் திருத்தத்தைத் தாமே செய்யும். ஆனால் வேட்டைக் கருவிகளில் சிலவற்றில் திரையில் வரும் எண் வெறும் கிடைத்தூரம் இல்லை, குண்டுக்கேற்பத் திருத்தியது. அதைத் தாளில் எழுதினால் ஆய்வு மாணவரின் ஆறு மாத உழைப்பு வீண். கூடவே கெஜம். பெட்டியிலிருந்து எடுக்கும்போது பல கருவிகள் கெஜத்தில்தான் இருக்கும். 100 கெஜம் என்றால் 91.44 மீட்டர். குழுவில் ஒருவர் கெஜத்திலும் இன்னொருவர் மீட்டரிலும் எழுதிக்கொண்டிருந்தால், மாலையில் எந்தத் தாள் எதில் என்று யாருக்கும் தெரியாது. காட்டுக்குள் நுழையும்முன் எல்லாக் கருவியையும் மீட்டருக்கு மாற்றி, ஒரே மின்கம்பத்தை எல்லாரும் அளந்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

எடையைப் பற்றி நிறையப் பேசுவார்கள். நல்ல 8×42 பைனாகுலர் 600, 700 கிராம் இருக்கும், கையடக்க ரேஞ்ச்ஃபைண்டர் 200 கிராமுக்குள். சேர்ந்தது 900 கிராமுக்கு மேல், சில ஒரு கிலோவை நெருங்கும். கூட்டிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சரியாகப் போகிறது. சேர்ந்ததில் முழு எடையும் கழுத்தில், தனித்தனியில் ஒன்று பையில். அவ்வளவுதான் வித்தியாசம், இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பழுதுதான் என்னை யோசிக்க வைப்பது. பைனாகுலர் என்பது அடிப்படையில் கண்ணாடியும் திருகும். கீழே விழுந்து குழாய் விலகினால்கூடப் பெரிய ஊரில் சரிசெய்யும் ஆள் கிடைப்பார். லேசரும் மின்சுற்றும் சேர்ந்த மூடிய கருவி கெட்டால், அது வாங்கிய நாட்டுக்கே போய்த் திரும்ப வேண்டும். போகும்போதும் வரும்போதும் சுங்கக் காகிதம். உறவினர் வாங்கிவந்த கருவிக்கு இங்கே வாரண்டி செல்லுமா என்பது தனிப் பஞ்சாயத்து. அதுவரை கையில் பைனாகுலரும் இல்லை, ரேஞ்ச்ஃபைண்டரும் இல்லை. தனித்தனியாக இருந்தால் ரேஞ்ச்ஃபைண்டர் போனாலும் பறவை பார்ப்பது நிற்காது.

வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி கார்த்திகையில், நம் பக்கத்துக் கருவிகளுக்கு வரும் வியாதி பூஞ்சை. நைட்ரஜன் அடைத்து மூடியவைக்கு உள்ளே வருவது குறைவு, வெளிக்கண்ணாடியில் வரலாம். ஈரத்தோடு உறைக்குள் போட்டு மூடாதீர்கள். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சித்திரை வெயிலில் காரின் டாஷ்போர்டிலும் பைக்கின் பெட்டியிலும் வைக்காதீர்கள், கருவியும் பேட்டரியும் இரண்டும் கெடும். பேட்டரி பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்: இவற்றில் பல சிஆர்2 என்ற குட்டி லித்தியம் பேட்டரியில் ஓடுகின்றன. அது டிவி ரிமோட்டில் போடும் பேட்டரி இல்லை, அம்பாசமுத்திரத்திலோ நாங்குநேரியிலோ பெட்டிக்கடையில் கிடைக்காது. இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணக்கணக்கு. வெளிநாட்டுக் கடைகளில் நம்பத்தகுந்த சேர்ந்த கருவி ஆயிரம் டாலருக்கு மேலே தொடங்குகிறது, ஐரோப்பிய உயர்வகை மூவாயிரம் டாலரைத் தாண்டும். ஆயிரம் டாலர் என்று வைத்துக்கொண்டாலும் லட்சத்தை ஒட்டி நிற்கும். அதே காசுக்கு நம் குழுவுக்கு என்ன கிடைக்கும்? கல்லூரி மாணவர் பழக நல்ல நடுத்தர 8×42 இரண்டு மூன்று, எல்லாரும் முறைவைத்துப் பயன்படுத்த ஒரு வனவியல் ரேஞ்ச்ஃபைண்டர், கோணம் பார்க்கத் திசைகாட்டி ஒன்று. வனவியல் ரேஞ்ச்ஃபைண்டர் மர உயரத்தையும் அளக்கும். நாரைக்கூடு எத்தனை மீட்டர் உயரத்தில் என்று எழுதுகிறவர்களுக்கு இது தனி வரம். லட்ச ரூபாய்க்கு ஒரு ஆளின் கண்ணைக் கூர்மையாக்குவதா, ஒரு குழுவின் கண்ணைத் திறப்பதா என்று கேட்டால், நான் குழுவின் பக்கம்.

சரி, வரையாட்டுக்காரர். தமிழ்நாட்டின் மாநில விலங்கு அது. அதைக் காக்கத் தனித் திட்டமே போட்டு, கேரளத்தோடு சேர்ந்து ஒரே நேரத்தில் மலை மலையாக எண்ணுகிறார்கள். அகத்தியமலைத் தொடரில் வரையாடு நிற்கும் பாறை பெரும்பாலும் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், 500, 800 மீட்டர் தொலைவில் இருக்கும். நடுவில் புதர் இல்லை, பாறை ஒளியை நன்றாகத் திருப்பும், கூட்டம் மேகத்துக்குள் போய் வரும். 10 மடங்கு அங்கே குறையில்லை. முன்பு பார்த்த கூட்டமா புதுக் கூட்டமா என்று பிரிக்க, எந்தத் தூரத்தில் எந்தத் திசையில் என்பதை உடனே குறிக்க வேண்டும். உயர்வகைச் சேர்ந்த கருவிகள் சிலவற்றில் திசைகாட்டியும் உள்ளேயே இருக்கிறது. பனிக்காற்றில், ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரிடம் போய் "பையிலிருந்து இன்னொன்றை எடு" என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆல்ப்ஸ் வேட்டைக்காரருக்குச் செய்த கருவி நம் மலையில் பொருந்தும் ஒரே இடம் இதுதான். ஆனால் மேகம் கவிந்தால் லேசர் அந்த மேகத்தையே அளந்து காட்டும் என்பதை அவரும் நினைவில் வைக்க வேண்டும்.

அடிவாரத்து விவசாயிகள் சிலரும் இதைக் கேட்கிறார்கள், களக்காடு பக்கம் வாழைக்குள் இறங்கும் பன்றிக்காக. அவர்களுக்குச் சுருக்கமாக: இரண்டும் வேண்டாம். பன்றி வருவது இருட்டில். பைனாகுலர் இருட்டில் கொஞ்சம் உதவும், தூரம் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. உடல்சூட்டைக் காட்டும் தெர்மல் கருவி வேறு சாதி, வேறு விலை. அந்தக் காசை வேலிக்குப் போடுவது நல்லது.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் இதைச் செய்யுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியைக் கழற்றாமலே பாருங்கள். வட்டம் முழுதாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். கடைக்கு வெளியே வந்து, தூரத்து மின்கம்பியை வானத்தின் பின்னணியில் பாருங்கள். ஓரத்தில் ஊதா நிறம் வழிந்தால் வேறொன்றைக் கேளுங்கள். சேர்ந்த கருவி என்றால் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால், பிறகு மாற்றி, நிறச்சாயலை ஒப்பிடுங்கள். முதலில் திரை எண்களைக் கூர்மையாக்கி, அப்புறம் காட்சியைக் கூர்மையாக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கூடாவிட்டால் அந்தக் கருவி உங்கள் கண்ணுக்கு ஆகாது. ரேஞ்ச்ஃபைண்டரைக் கிட்டத்திலும் சோதியுங்கள். பல கருவிகள் 5 முதல் 10 மீட்டருக்குள் அளக்காது. கோட்டுவழிக் கணக்கெடுப்பிலோ கோட்டை ஒட்டிய அந்தச் சில மீட்டர்தான் கணக்குக்கு அடித்தளம், அதனால் பையில் ஒரு டேப்பும் இருக்கட்டும்.

மச்சான் கிளம்பும் தேதி நெருங்கிவிட்டது என்றால் 8×42 பைனாகுலர் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள், பில்லைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். ரேஞ்ச்ஃபைண்டர் குழுவில் யாரிடமாவது இருக்கும். ஒரு பருவம் அதை வாங்கி நடந்து பார்த்துவிட்டு, அதற்கப்புறமும் சொந்தமாக வேண்டும் என்று தோன்றினால் அடுத்த முறை அவர் வரும்போது சொல்லலாம்.